லாரிக்குப் பின்னால் நின்றவர்

பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறியிருந்த சமயம். தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்ததும் எல்லாரும் குழாய்ப் பக்கம் ஓடுவோம். உப்புநீரிலிருந்து காஸ்டிக் சோடா எடுக்கும் ஆலையில் கெமிஸ்டாக இருந்த எதிர்வீட்டுக்காரர் மட்டும் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, லாரிக்குப் பின்னால் போய்ப் புகைக்குழாய்க்கு நேரே கைக்குட்டையை விரித்துப் பிடிப்பார். அமிலம் பட்டுப் பொத்தல் விழுந்த சட்டை. கரி படிந்த கைக்குட்டை.

ஒருநாள் என் குடத்தை நிரப்பிக்கொண்டு அவரிடம் போய்க் காரணம் கேட்டேன்.

"எங்க ஆலையில சோடா எடுக்கையில கூடவே வார ஹைட்ரஜன் வாயுவ சும்மா வானத்துல விடுதோம், அண்ணாச்சி. அதுல கார் ஓட்டினா இந்தக் கரி கிடையாது. தண்ணிதான் சொட்டும்."

"பொறவு ஏன் ஓட்டல?"

"அத அடைக்க இரும்பு சிலிண்டர் வேணும். டிக்கி பூரா அதுதான். அவ்வளவு சுமந்தாலும் திருச்செந்தூர் போனா திரும்பி வர வாயு காணாது."

"சொட்டுத தண்ணியக் குடிக்கலாமா?" என்றேன் வேடிக்கையாக.

அவர் சிரிக்கவில்லை. "குடிக்கலாம். ஆனா அந்த வாயுவ எடுக்க, மொதல்ல நம்ம தண்ணியத்தான செலவழிக்கணும்."

அதற்குள் தண்ணீர் தீர்ந்து லாரி கிளம்பிவிட்டது. யாரோ ஓரமாகத் தள்ளிய அவருடைய குடம் காலியாகக் கிடந்தது. என் குடத்திலிருந்து பாதியை அதில் ஊற்றினேன். ஊற்றி முடிக்கும்வரை அவர் கண், லாரி விட்டுப்போன புகையிலேயே இருந்தது.