சிங்காரவேலுவின் பேட்டரிப் பை

எங்கள் தொழிலில் யாரும் நாடி பிடித்துப் பார்ப்பதில்லை. நெஞ்சில் காதை வைத்து, மோட்டார் ஓடுகிறதா என்றுதான் கேட்போம். இதயம் கைவிட்டவர்களின் நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு பம்பைப் பொருத்துகிறார்கள். அதன் ஒயர் வயிற்று வழியாக வெளியே வந்து, இடுப்பில் தொங்கும் பேட்டரிப் பையில் முடியும். அதோடு வீடு திரும்புகிறவர்களைத் தஞ்சாவூரிலிருந்து போய்ப் பார்த்துவரும் நர்ஸ் நான். போன் அடித்தாலே பதறி எழுகிற ஆள் நீங்கள் என்றால், வாருங்கள், நாம் உறவு.

மூன்று மா நிலம்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் சிங்காரவேலு என்று ஒருவர். நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும். பம்பு இல்லாவிட்டால் சில மாதம்தான். வைத்தால் நடக்கலாம், நாலு வாய் சாப்பிடலாம். ஆனால் ரத்தக்கசிவு, பக்கவாதம், ஒயர் வரும் இடத்தில் சீழ், எதுவும் வரலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். கிடைத்த உதவியெல்லாம் போக, மீதிச் செலவுக்கு இருந்தது மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர். அவர் மனைவி வசந்தாவின் அப்பா, பண்ணைக் கூலியாக இருந்தவர், பண்ணையாரோடு போராடி, கோர்ட்டு வரை போய் வாங்கியது. இப்போது அதை விலைக்குக் கேட்டவர் அதே பண்ணையாரின் பேரன், ரைஸ்மில்காரர்.

சிங்காரவேலு ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, விற்கவே கூடாது என்றார். சொல்லி முடிப்பதற்குள் உதடு நீலம் பாய்ந்தது. வசந்தா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "நெலம் என் பேர்ல இருக்கு. நீங்க பேசாம படுங்க."

குளிப்பாட்டத் தண்ணீர்

நிலம் ரைஸ்மில்காரர் கைக்குப் போனது, பம்பு சிங்காரவேலுவின் நெஞ்சுக்குள் வந்தது. அது ரத்தத்தை இடைவிடாமல் தள்ளுவதால் நாடி துடிப்பது தெரியாது. இதை அந்தத் தெருவுக்கே சொல்லிவைத்திருந்தேன். பையைக் கழற்றக் கூடாது, நனைக்கக் கூடாது என்பதையும்தான். ஒருநாள் அவர் வெயிலில் வரப்போரம் மயங்கி விழுந்துவிட்டார். அந்தப் பக்கம் வந்த கம்பவுண்டர் ஒருவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டார். அந்தப் பதற்றத்தில் நான் சொல்லிவைத்தது ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை; வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். எனக்குப் போன் செய்தது சிங்காரவேலுவின் தங்கை. "முடிஞ்சுபோச்சுக்கா. குளிப்பாட்டத் தண்ணி கொண்டாந்தாச்சு. இந்தப் பையைக் கழட்டிடலாமா?"

"தொடாதே!" என்று நான் அலறிய அலறலில் ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அங்கே ஒப்பாரிச் சத்தத்தில் அவளுக்கு ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. அந்தச் சத்தத்தில் மோட்டாரின் முனகல் மட்டும் யாருக்குக் கேட்கும்? அப்போதுதான் வேலைக்குப் போயிருந்த வசந்தா ஓடிவந்து, அவர் நெஞ்சில் காதை வைத்து அழுத்தியிருக்கிறார். போனில் எனக்குக் கேட்டது வசந்தாவின் குரல் மட்டும்தான்: "வாய மூடுங்கடி! உள்ள ஓடுறது எனக்குக் கேக்கணும்!"

மில் வாசல்

மயக்கம் தெளிந்து எழுந்தவருக்கு அடுத்த சோதனையாகப் புயல் வந்தது. கரண்டு இல்லை, போன் இல்லை. விழுந்து கிடந்த தென்னைகளைத் தாண்டி மறுநாள் மத்தியானம் நான் போய்ச் சேர்ந்தபோது, கடைசி ஜோடி பேட்டரி தீரப்போவதாகப் பை கத்திக்கொண்டிருந்தது. அந்த ஊரில் ஜெனரேட்டர் இருந்தது ரைஸ்மில்லில் மட்டும். அந்தக் காலத்தில் பண்ணையார் வசந்தாவின் அப்பாவைக் கட்டிவைத்து அடித்த வாசல் அது. அவர் குடும்பம் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. வசந்தா ஒரு நொடிதான் நின்றார். பிறகு புருஷனைத் தோளில் தாங்கிக்கொண்டு உள்ளே நடந்தார். மில்காரர் பிளக்கைக் காட்டினார்.

சார்ஜரைச் செருகி, பச்சை விளக்கு எரிகிறதா என்று மூன்று முறை குனிந்து பார்த்தேன். சிங்காரவேலு எதிரே அடுக்கியிருந்த நெல் மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வசந்தா காதில் விழாதபடி என்னிடம் கேட்டார்: "ஏம்மா, அந்த நெலத்துக்கு நான் இன்னும் எத்தினி வருசம் இருந்தா கட்டுபடியாகும்?"

அந்தக் கணக்கு எப்படியோ; அவர் இதயத்துக்குக் கிடைத்த ஓய்வையெல்லாம் என் இதயத்திடமிருந்துதான் பிடுங்கியிருக்கிறார்கள் என்பது மட்டும் நிச்சயம்.