வயிறு துடைக்கிற துணி

பச்சை நூல்சேலையில் கிழித்த ஒரு துண்டு. கைக்குட்டையைவிடப் பெரிது, துவாலையைவிடச் சிறிது. ஓரமெல்லாம் மடித்துக் கையால் தைத்தது. தையல் ஓர் இடத்திலும் நேராக இல்லை. நான் தைத்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும். ஸ்கேன் எடுக்கும்போது பாப்பாவின் வயிற்றில் ஜில்லென்று ஒரு பசை பூசுவார்கள். அதைத் துடைப்பதற்காக அவளுடைய பெரியம்மா தொட்டியத்திலிருந்து கொண்டுவந்தது இந்தத் துணி. ஆஸ்பத்திரியில் கொடுக்கிற காகிதம் பிள்ளை தோலைச் சுரண்டுகிறதாம். அப்படி ஒரு குறை இருப்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அங்கேயே தொடங்கிவிட்டது எனக்கு எரிச்சல்.

பாப்பா என் தம்பி மகள். எங்கள் அம்மா போனபிறகு தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் இட்லி ஊற்றி அவனைப் படிக்கவைத்தேன். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. இதையும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பிழையைத் தம்பி திருத்துவான், விஷயத்தைத் திருத்தக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் அவன் வீட்டில்தான் இருக்கிறேன். அந்த வீட்டில் எந்தக் கஷ்டம் வந்தாலும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அது எனக்குப் பழகிப்போயிருந்தது.

பாப்பாவுக்குப் பிறந்ததிலிருந்தே ஈரலில் கோளாறு. பித்தம் இறங்கும் குழாய் அடைப்பு. கண்ணெல்லாம் மஞ்சள், வயிறு பானை மாதிரி. வேறு ஒருவருடைய ஈரலில் ஒரு பகுதியை வெட்டி வைத்தால்தான் பிழைப்பாள் என்றார்கள். தம்பிக்கு ஈரலில் கொழுப்பு. தம்பி பெண்டாட்டிக்கு ரத்தவகை சேரவில்லை. எனக்கு ரத்தம் சேர்ந்தது, வயசுதான் சேரவில்லை. "உங்க வயசுல எடுக்கக்கூடாதும்மா" என்று டாக்டர் எவ்வளவோ பணிவாகத்தான் சொன்னார். நாற்பது கிலோ மாவுப் பாத்திரத்தைத் தனியாக இறக்கினவள் என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்போதுதான் தம்பி பெண்டாட்டியின் அக்கா வந்தாள். வாழைத்தோட்டத்து மண் காலில் இன்னும் ஒட்டியிருந்தது. "என்னுத எடுத்துக்கங்க" என்றாள். காபிக்குச் சர்க்கரை போதும் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாக.

சென்னையில் ஆபரேஷன் நடந்தது. பிள்ளை பிழைத்தாள். அதற்குப் பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை திருச்சியில் ஸ்கேன். வைத்த ஈரல் மெத்தென்று இருக்கிறதா, இறுகிக்கொண்டு வருகிறதா என்று அந்த மெஷின் அளந்து சொல்லும். ஸ்கேன் டாக்டர் சின்னப் பெண். "திரையில நீலமா இருந்தா மெத்துனு இருக்குன்னு அர்த்தம் பாட்டி. சிவப்பு வந்தா கெட்டி" என்றாள். நான் பாட்டியில்லை, அத்தை என்று திருத்தினேன். அதில் எனக்குப் புரியாதது ஒன்றுமில்லை. வெந்த இட்லியை விரலால் அமுக்கிப் பார்க்கிற வேலைதான்; விரலுக்குப் பதில் மெஷின்.

உள்ளே பிள்ளையோடு ஒருவர்தான் போகலாம். தம்பி பெண்டாட்டி அந்தத் திரையைப் பார்த்தாலே மயங்கிவிழுவாள். பாப்பா வேறு யாரையும் பார்க்காமல் பெரியம்மா கையைப் பிடித்துக்கொள்வாள். நான் வெளியே நாற்காலியில் பையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கதவு இடுக்கு வழியாகச் சிரிப்பு கேட்கும். என்ன சிரிப்பு என்று கேட்டால் பாப்பா, "அது எங்களுக்குள்ள அத்தை" என்பாள். எங்களுக்குள்ள. சோறு ஊட்டியது நான், தலை வாரியது நான்.

ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரவேண்டும். பாப்பா பட்டினி என்றால் பெரியம்மாவும் பட்டினி. தொட்டியத்தில் பஸ் ஏறுவதிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. நடிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் கேட்டும்விட்டேன்.

"நீ எதுக்கும்மா காயற? மெஷின் உன் வயித்துலயா வைக்கிறாங்க?"

"நான் தின்னா அதுக்குள்ளயும் போகுமே அண்ணி. வெட்டி வச்சாலும் ரெண்டும் ஒண்ணுதானே."

அப்படியெல்லாம் இல்லை என்று டாக்டர் எத்தனையோ தடவை சொன்னார். தலையை ஆட்டுவாள், நம்பமாட்டாள். ஆபரேஷனிலிருந்து கறி மீன் தொடவில்லை, பலகாரம் தொடவில்லை. தன் வாயைக் கட்டினால் பிள்ளையின் ஈரல் மெத்தென்று இருக்கும் என்று இருந்தாள். பாப்பாவிடமும் அதையே சொல்லி வைத்திருந்தாள்.

ஒருமுறை அவள் வரவில்லை. போன் செய்தாள். "கொழுந்தன் வீட்டுக் கல்யாணம் அண்ணி. கட்டாயப்படுத்தி பிரியாணி வச்சுட்டாங்க, தின்னுட்டேன். நான் பக்கத்துல நின்னா நம்பர் ஏறிடும். நீங்க உள்ள போங்க." ஒளிப்பானேன், எனக்குச் சந்தோஷம். நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன். உள்ளே போனால் பாப்பா வயிற்றைக் கல்லு மாதிரி இறுக்கிக்கொண்டாள். மூச்சை விடமாட்டேன் என்கிறாள். திரையில் நீலத்துக்கு நடுவே சிவப்பு சிவப்பாகப் புள்ளிகள். "இவ இப்படி முக்கினா அளவு சரியா வராது. இன்னொரு நாள் வாங்க" என்றாள் டாக்டர். அந்த இன்னொரு நாளில் பெரியம்மா வந்தாள். அத்தனையும் நீலம். "அன்னையிலேர்ந்து வெறும் கஞ்சிதான் அண்ணி" என்றாள், கன்னம் ஒட்டிப்போய். பிரியாணிதான் சிவப்புக்குக் காரணம் என்று அவளுக்கு ஊர்ஜிதமாகிவிட்டது. எனக்கு வயிறெரிந்தது. பயப்படுவதற்குக்கூட அவளுக்கு ஒரு பாத்தியதை இருந்தது. என்னுடைய பட்டினிக்கு அந்த வீட்டில் யார் ஈரலும் அசையாது.

போன ஐப்பசியில் பெரியம்மா நெஞ்சு வலி என்றாளாம். முசிறி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. பாப்பா அழவில்லை. வயிற்றின்மேல் கையை வைத்தபடியே திரிந்தாள். அடுத்த ஸ்கேனுக்கு வரமாட்டேன் என்று அடம். ஒருவழியாக ஏற்றிக்கொண்டு போனோம். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது என் காதருகே கேட்டாள்.

"பெரியம்மா செத்துட்டாங்கல்ல. அப்ப இதுவும் செத்துடுமா அத்தை?"

பத்து வயதுப் பிள்ளை இத்தனை நாளாக இதையா சுமந்துகொண்டிருந்தாள்.

அந்த அறைக்குள் இப்போது கூடப் போக என்னைத் தவிர ஆள் இல்லை. பாப்பா படுத்தாள். வயிறு மறுபடி கல். டாக்டர் அவள் பயத்தைக் கேட்டுவிட்டு, "அது எப்பவோ உன்னுதாயிடுச்சுடா" என்றாள். பாப்பா தலையை ஆட்டினாள், அது வேண்டாம் என்பதுபோல. ஆமாம், உன்னுதுதான், பெரியம்மாவுது இல்லை என்று நானும் சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தைக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன். நாக்கு நுனிவரை வந்தது. பிள்ளை முகத்தைப் பார்த்தேன்.

"பெரியம்மாவுதுதான்டி" என்றேன். "வாழைத்தோட்டத்துல தாய் மரம் சாஞ்சுபோனா பக்கக்கன்னு என்ன பண்ணும்?"

"வளரும்."

"தானா வளருமா, தாய் மரத்தைக் கேட்டுக்கிட்டா?"

"தானா" என்றாள். "ஆனா பழம் அதே ருசிதான்."

வயிறு தளர்ந்தது. திரை மெல்ல நீலமானது, ஓரத்திலிருந்து ஓரம் வரை. "நல்லா இருக்கு" என்றாள் டாக்டர். பாப்பா திரையைப் பார்த்துத்தான் சிரித்தாள், என்னைப் பார்த்து இல்லை.

அன்றைக்கென்று தெப்பக்குளம் கடையில் வெள்ளைத் துவாலை ஒன்று வாங்கிப்போயிருந்தேன், பஞ்சு மாதிரி. நீட்டினேன். "இருக்கட்டும் அத்தை" என்று சொல்லி அவள் தன் பையிலிருந்து பச்சைத் துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

அந்தத் துவாலை இன்னும் மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருக்கிறது. பச்சைத் துணியை ஒவ்வொரு ஸ்கேனுக்குப் பிறகும் நான்தான் துவைக்கிறேன். கோணல் தையல் இரண்டு இடத்தில் விட்டுப்போனது. அதே பச்சை நூல் தேடி வாங்கி, அதே கோணலாகத் தைத்துவிட்டேன். சோப்பு அதிகம் போடுவதில்லை. வெயிலில் போடுவதும் இல்லை. நைந்துவிடும்.