தாம்தினின் ஆடுகளுக்காகச் சொன்ன பொய்

ஹே-ரான் டீச்சர் கொரியாவில் மொக்போ என்ற துறைமுக ஊரில் பள்ளிக்கூடச் சமையல்காரராக இருந்தவர். நாற்பத்து நான்கு வயதில் வேலையை விட்டுவிட்டு, அவருடைய சிறிய சபை அனுப்பி வைக்க, எங்கள் மங்கோலியச் சிற்றூருக்கு ஊழியம் செய்ய வந்தார். மரியாதைக்காக ஊரே அவரை டீச்சர் என்று கூப்பிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "அறுநூறு பிள்ளைங்களுக்குச் சமைச்சுப் பழகிட்டேன். ஒரே ஒரு ஆளுக்கு எப்படி உப்புப் போடுறதுன்னு தெரியாது" என்பார்.

ஊரின் ஓரத்தில் மரப்பலகை வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தார். தினமும் காலை ஐந்து மணிக்கு அங்கே ஜெபம் நடக்கும். ஐந்து பேர் வருவார்கள். அதில் மூன்று பேர் அடுப்பின் சூட்டுக்காக வந்தவர்கள் என்பது அவருக்கும் தெரியும். அவர்களுக்குத்தான் முதலில் தேநீர் ஊற்றுவார்.

நான் அந்த ஊர்ப் பள்ளியில் ஆசிரியை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். தலைநகரில் கொரிய மொழி படித்திருந்ததால் டீச்சருக்குப் பேச்சுத் துணையானேன். அவருடைய சாமியை நான் நம்பினேனா என்று கேட்டால் இன்றைக்கும் பதில் தெரியாது. அவரை நம்பினேன்.

அவர் வந்த மூன்றாவது வசந்தத்தில் ஆடுகள் குட்டி போடும் சமயம் அம்மா முட்டிவலியில் படுத்துவிட்டார். அப்பா தாம்தின் ஒற்றை ஆளாக முந்நூறு ஆடுகளோடு திணறுகிறார் என்று நான் சொன்ன மறுநாளே டீச்சர் மேய்ச்சல் வெளியில் இருந்த எங்கள் கூடாரத்தில் வந்து இறங்கினார். சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு எட்டு நாள் வெறுங்கையால் குட்டி இழுத்தார்.

அந்த வருஷம் குட்டிகள் சரியாக விழவில்லை. சினைமாதம் நிறைவதற்குள் இருபத்து மூன்று ஆடுகள் செத்த குட்டிகளை வீசின. அவற்றையும் டீச்சர்தான் வாரிப்போய்ப் புதைத்தார். எட்டாம் நாள் அப்பா அவரைத் தனியாக அழைத்தார்.

"டீச்சர், இந்த விஷயம் ஊருக்குள்ள போகக் கூடாது. கால்நடை ஆபீஸ்காரன் வந்தான்னா ரத்தம் எடுப்பான், பாதி மந்தைய ஓட்டிட்டுப் போயிருவான். அப்புறம் எங்க வீட்டுப் பாலை ஒருத்தனும் தொட மாட்டான்."

"சொல்ல மாட்டேன் அண்ணே. யாருகிட்டயும்."

அவ்வளவுதான் பேச்சு. நான் பக்கத்தில்தான் நின்றேன். குட்டி வீசிய ஆட்டை வெறுங்கையால் தொடாதே, ஆட்டுக் காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும் என்று எங்கள் பள்ளிச் சுவரில் ஒரு படம் இருக்கிறது. அதை ஒட்டியவள் நான்.

ஜூன் மாதம் டீச்சருக்குக் காய்ச்சல் கண்டது. காலையில் இருக்காது. சாயங்காலம் ஏறும். பிறகு வேர்த்துக் கொட்டும், சட்டையைப் பிழியலாம். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஜெபத்தில் முழங்காலிட்டவரை இரண்டு பேர் சேர்ந்து தூக்கிவிட வேண்டியிருந்தது. சபையிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார்கள். பத்து நாள் பார்ப்போம், என்ன நோய் என்றே தெரியாவிட்டால் விமானத்தில் திரும்பி வந்துவிட வேண்டும், அந்த இடத்துக்கு வேறு ஆள் இல்லை, வீட்டைப் பூட்டிவிடலாம் என்றார்கள். அன்றைக்குத்தான் டீச்சர் அழுது பார்த்தேன்.

மறுநாள் அவரை ஊர் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். டாக்டர் புரேவ் எடுத்த எடுப்பிலேயே கேட்டார். "ஆடு மாடு குட்டி போடுறப்போ கை வெச்சீங்களா? காய்ச்சாத பால் குடிச்சீங்களா?"

"இல்ல டாக்டர். நான் ஊருக்குள்ளயேதான் இருக்கேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். காசநோயாக இருக்கலாம் என்று நெஞ்சைப் படம் எடுக்க எழுதிக்கொடுத்தார்.

வெளியே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "ஊழியக்காரங்க பொய் சொல்லலாமா டீச்சர்?"

"கூடாது. அதுக்குத்தான் தினமும் காலையில சாமிகிட்டத் திட்டு வாங்குறேன்."

"அப்போ உண்மையைச் சொல்லுங்க. இல்ல, நான் சொல்றேன்."

"நீ சொன்னா உங்கப்பா உன் முகத்துலயே முழிக்க மாட்டாரு. சரூல், வாக்கு குடுத்தது நான். அதை அவரு திருப்பித் தந்தாத்தான் உண்டு. நீயும் போய்க் கேட்காத."

அப்பாவிடம் போய் அந்த வாக்கைத் திருப்பிக் கேட்க நான் ஏன் பயந்தேன்? ஆடுகள்தான் என்னைப் படிக்க வைத்தன. ஒவ்வொரு செப்டம்பரிலும் கல்லூரிக் கட்டணத்துக்கு எத்தனை ஆடு போயிற்று என்று எனக்குத் தெரியும். மிச்சமிருப்பவற்றையும் ஓட்டிப்போகச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று நினைத்தேன். இதை நியாயம் என்று நினைத்தே ஆறு நாள் கடத்தினேன். ஏழாம் நாள் டீச்சரால் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. அவர் பேச்சை மீறி, ஒருவருடைய மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு, கோடைக் கூடாரத்துக்குப் போனேன்.

அப்பா ஆடுகளை வரிசையாகக் கொம்போடு கொம்பாகக் கட்டிக்கொண்டிருந்தார், பால் கறக்க. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னார், "அந்தம்மா சாமிகூட நேர்ல பேசுறவங்கதானே? அவருகிட்டயே மருந்து கேட்க வேண்டியதுதானே?"

பால் வாளியோடு நொண்டி நொண்டி வந்த அம்மா நின்றார். "ஏன்யா, உன் ஆட்டுக்குப் பேறு பார்க்க அவங்க சாமியா வந்துச்சு? அவங்கதானே வந்தாங்க?"

"நான் வரச் சொன்னேனா?"

"போகச் சொன்னியா? எட்டு நாளு வேலை வாங்கினேல்ல! டாக்டர்கிட்ட மூச்சு விட்டாங்களா அவங்க? நானா இருந்தா முதல் நாளே உன் மானத்தைக் கப்பலேத்தியிருப்பேன்."

கட்டிய ஆடுகளை அப்பா ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டார். கடைசி ஆடு போனதும் உள்ளே போய், விசேஷத்துக்குப் போடும் நீல அங்கியைப் போட்டுக்கொண்டு வந்தார். "உங்கம்மாவையும் ஏத்து. முட்டியைக் காட்டிட்டு வரலாம்" என்றார். மூன்று பேரும் ஒரே வண்டியில் போனோம்.

மருத்துவமனை நடையில் ஊரில் பாதிப்பேர் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா டாக்டரின் அறைக்குள் போகக்கூட இல்லை. வாசலிலேயே நின்று சொன்னார், "டாக்டர், என் ஆடுங்க இருபத்து மூணு குட்டி வீசுச்சு. அந்தம்மாதான் அள்ளிப் போட்டாங்க. சொல்லக் கூடாதுன்னு வாயைக் கட்டினது நான்தான்."

பெஞ்சிலிருந்த பக்கத்துக் கூடார முகாம்காரர், "அடப்பாவி தாம்தின், உன் வீட்டுத் தயிரைத்தானேய்யா நேத்துத் தின்னேன்!" என்று எழுந்தே விட்டார்.

"நீயும் ரத்தம் குடுத்துட்டுப் போ" என்றார் அப்பா.

டீச்சரின் ரத்தத்தில் ஆட்டுக் காய்ச்சல் இருந்தது. இரண்டு வருஷமாக அம்மாவின் முட்டியைத் தின்றுகொண்டிருந்ததும் அதே நோய்தான். பக்கத்து முகாமில் இரண்டு பேருக்கு இருந்தது. டீச்சர் படுக்காமல் இருந்திருந்தால் இவர்கள் யாரும் ஊசிமுனைக்குக் கையை நீட்டியிருக்க மாட்டார்கள்.

கால்நடை ஆபீஸ்காரர்கள் வந்து நாற்பத்தோரு ஆடுகளை ஓட்டிப்போனார்கள். அந்தக் கோடை முழுக்க எங்கள் பாலை யாரும் வாங்கவில்லை. பாதி மந்தை என்பதைத் தவிர அப்பா சொன்னது அப்படியே நடந்தது.

அம்மாவுக்கும் டீச்சருக்கும் அடுத்தடுத்த கட்டில். ஆறு வாரத்துக்கு இரண்டு வித மாத்திரை. அதில் ஒன்று சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கிவிடும். தினமும் காலையில் அம்மா கழிவறையிலிருந்து கத்துவார்: "டீச்சர், என்னுது உங்களைவிட நல்ல கலரு!" டீச்சர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அப்பா மாவும் இறைச்சியும் போட்ட கஞ்சியை இரண்டு தூக்கில் கொண்டு வந்து, ஒன்றை டீச்சரின் தலைமாட்டில் வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் நிற்பார்.

ஆடுகள் போன அன்று டீச்சர்தான் முதலில் பேசினார். "ரொம்ப நன்றி அண்ணே."

"நாப்பத்தோரு ஆடு போச்சு. என்னை நோயாளி ஆக்கினியேன்னு நீங்க திட்டணும். நன்றி சொல்றீங்க."

"நீங்க வரலேன்னா நான் பொய்யோட ஊருக்குப் போயிருப்பேன். அதை எங்க போய் இறக்கி வெப்பேன்?"

அப்பா தூக்கின் மூடியைத் திறந்து வைத்தார். "கஞ்சி ஆறிடும்" என்றார்.

அன்று சாயங்காலம் டீச்சர் தன் சபைக்குக் கூப்பிட்டார். நோயின் பெயரைச் சொன்னார். தான் பொய் சொன்னதையும் சொன்னார். அவர்கள், குணமாகும் வரை அங்கேயே இருங்கள், விமானச் சீட்டை ரத்து செய்துவிடுகிறோம் என்றார்கள். டீச்சர் தொலைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு, கட்டிலிலிருந்து தானாகவே இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் முழங்காலிட்டார். நன்றி என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. நானும் பக்கத்தில் முழங்காலிட்டேன். யாரை நோக்கி என்று யோசிக்கவில்லை.