ஏழாவது கோரின் சூடு

"திங்க உனக்கு வேற எதுவுமே கெடைக்கலியா? மெஷின் மேல வெச்சதையா பிரிப்பே?"

"பசிச்சுதுக்கா, இந்தப் புயல்ல எந்தக் கடை..."

"அது உனக்கு வெச்ச தீனியாடா?"

"சோளப்பொரிக்கா அது! கோயில் படையலைத் தின்ன மாதிரி..."

"உன் வாயாலதான் அந்த மனுஷன் இந்த மழையில போயிருக்கார்!"

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். கூட்டிச் சொல்ல இதில் ஒன்றுமில்லை. தைபேயை ஒட்டிய ஷிஜி மலையடிவாரத்தில் ஒரு மாடியறை. கம்ப்யூட்டரின் ப்ராசஸரை, விதித்த வேகத்துக்கு மேல் ஓடவிட்டுத் தாங்குகிறதா என்று சோதிப்பதுதான் அங்கே வேலை. லான்-யிங்கும் அவள் கணவன் தே-ஷெங்கும் நடத்துவது. போ-யென் கூட வேலை செய்பவன். ஓயாமல் ஓட வேண்டிய மெஷின் மேல் பச்சை நிறத் தீனிப் பொட்டலம் ஒன்று வைப்பது அந்த ஊர் வழக்கம். பிரித்தால் மெஷின் முரண்டு பிடிக்கும் என்று நம்பிக்கை. காலிப் பொட்டலத்தைப் பார்த்த தே-ஷெங், புதியது வாங்கி வரக் கிளம்பினான். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தான். கடை ஓடைக்கு அந்தப் பக்கம்தான். போய் ஒரு மணி நேரமாகிறது. போன் அடிக்கிறது... எடுக்கவில்லை. கீழே தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஷட்டர் திறக்கவில்லை. லான்-யிங் மீட்புப் படையைக் கூப்பிட்டாள். "காத்திருங்க" என்றார்கள்.

ப்ராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் எட்டு கோர்கள். எட்டுக்கும் ஒரே கணக்கு. திரும்பத் திரும்பப் போட வேண்டும், ஒரு விடைகூடப் பிசகக் கூடாது. ஏழு கோர்கள் தொண்ணூறு டிகிரியில் கொதித்தன.

"அக்கா, ஏழாவது மட்டும் முப்பத்தாறுல நிக்குது."

"சென்சார் போயிருக்கும். ப்ராசஸரை மாத்து."

மாற்றினான். புதியதிலும் ஏழாவது... முப்பத்து நான்கு.

போர்டையே மாற்றினான். முப்பத்தொன்று.

விடைகள் எதுவும் பிசகவில்லை.

மணி மூன்று பத்து. இருபத்தாறு.

"அறையே இருபத்தெட்டுக்கா. ஓடிக்கிட்டிருக்கிற ப்ராசஸர் அறையவிட எப்படிக் குளிரும்?"

அவள் மறுபடி போன் போட்டாள். அடித்தது... அடித்தது...

"எனக்குப் பயமா இருக்கு. நிறுத்திடறேன்." போ-யென் சோதனையை நிறுத்தினான்.

இருபத்து நான்கு. இருபத்து மூன்று. இருபத்திரண்டு...

"ஓட விடுடா! வேகத்தைக் கூட்டு!"

கூட்டினான். இருபத்தைந்து.

இன்னும் கூட்டினான். இருபத்தொன்பது.

"மத்ததெல்லாம் நூறைத் தொடுதுக்கா. எரிஞ்சிடும்."

"எரியட்டும். கூட்டு."

ஏன் என்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

முப்பத்து மூன்று.

டப்!

கரண்ட் போனது. யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது.

பீப்... பீப்...

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"இந்த வேகத்துல ரெண்டு நிமிஷம்கூட வராது."

"குறைக்காதே!"

பீப். பீப். பீப்.

முப்பத்து நான்கு.

பீ...

திரை கறுத்தது.

லான்-யிங் ப்ராசஸரை மூடியிருந்த கூலரைப் பிடுங்கி எறிந்தாள். ப்ராசஸர் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். தோல் பொசுங்கியது. எடுக்கவில்லை.

சூடு இறங்கியது.

இறங்கிக்கொண்டே போனது...

மறுநாள் தண்ணீர் வடிந்தபின், ஓடைப் பாலத்துக்கு அடியில் தே-ஷெங்கின் உடலை எடுத்தார்கள். மலைத் தண்ணீரில் கழுத்தளவுக்குச் சிக்கியிருந்திருக்கிறான். மணிக்கட்டில், உடம்புச் சூட்டைப் பதிந்துகொண்டே வரும் கடிகாரம். ஆஸ்பத்திரியில் மருத்துவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு லான்-யிங்கின் உள்ளங்கையில் இருந்த தீப்புண் கட்டைப் பார்த்தார்.

"குளிர்ந்துகிட்டே வந்த உடம்பு, மூணேகாலுக்கு மேல திரும்பச் சூடேறி முப்பத்து நாலைத் தொட்டிருக்கு. அந்தத் தண்ணியில தானா ஏறாது. யாரோ கட்டிப் பிடிச்சுச் சூடு குடுத்திருக்காங்க. அப்புறம் பாதியில விட்டிருக்காங்க... இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சிருந்தா பொழைச்சிருப்பார். யாரும்மா அது?"