ஆறு மீற்றருக்குத் தகுதியில்லாதவர்

மாங்கேணிக் கரையிலிருந்து போட்டில் கால் மணி நேரம் போனால் கடலுக்கடியில் பவளம் படர்ந்த ஒரு முருகைக்கல் கிடக்கிறது. அதற்கு ஊரில் இருந்த ஒரே மரியாதை, அதில் வலை கிழியும் என்பதுதான். றிப்ஷான் என்பவர் கரையில், சிலிண்டர் கட்டிச் சுழியோடப் பழக்கும் நிலையம் ஒன்றைத் திறந்த பிறகு கல்லுக்குப் பதவி கிடைத்தது. ஆழம் ஆறு மீற்றர், இழுவை இல்லை, தண்ணீர் கண்ணாடி மாதிரி. "முதன்முதலாக இறங்குபவர்களுக்கு உகந்தது" என்று பலகையில் எழுதினார்கள்.

பழக்குவதற்குத் தக்ஷாயினி என்ற மட்டக்களப்புப் பிள்ளை வந்தாள். மோல்டாத் தீவில் சில வருடங்கள் இதே வேலை பார்த்தவள். முதல் நாள் கல்லைச் சுற்றிப் பார்த்துவிட்டு மேலே வந்து, "மத்தியதரைக் கடலில புதுசா வாறவங்கள இறக்குற கல்லு மாதிரியே இரிக்கு. ஆனா அங்க மீன் குறைவு, குளிர் கூட" என்றாள். றிப்ஷான் அந்தப் பேச்சில் தனக்குத் தேவையான முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். அடுத்த கிழமை பலகையில் "கிழக்கின் மத்தியதரைக் கடல்" என்று ஒரு வரி கூடியது. குழாய்த் தண்ணீர் வராத தெருவுக்கு மத்தியதரைக் கடல் வந்துவிட்டதே என்று சனம் மனம் ஆறியது.

இந்த மத்தியதரைக் கடலுக்குச் சிலிண்டர் சுமந்தவர் நல்லரத்தினம்.

வயது நாற்பத்தாறு. இடது காலை வீசி, இடுப்பை ஒரு பக்கம் சரித்து நடப்பார். பொடியன்மார் 'அன்னநடை' என்று பட்டம் வைத்திருந்தார்கள். வேறு ஊரென்றால் நொண்டி என்றிருப்பார்கள். நம்ம ஊர் கொஞ்சம் இலக்கியம் தெரிந்த ஊர்.

அந்த இடுப்பைக் கெடுத்தது கடலட்டை. மீசை முளைத்த வயதில் அட்டைக்கு இறங்கத் தொடங்கியவர் அவர். வெள்ளரிக்காய் மாதிரிக் கிடக்கும் அந்தப் பிராணியை இங்கே ஒருவரும் வாயில் வைப்பதில்லை. தூர தேசத்தில் யாரோ சூப் வைத்துக் குடிப்பதற்காக மாங்கேணி ஆட்கள் பதினைந்து பாகம், கிட்டத்தட்ட இருபத்தேழு மீற்றர், ஆழத்துக்குப் போய் வந்தார்கள். காலையிலிருந்து பின்னேரம் வரை சிலிண்டரை மாற்றி மாற்றி இறங்குவார்கள். ஏறும்போது ஆறுதலாக, மெல்ல மெல்ல ஏறவேண்டும், இல்லாவிட்டால் மூச்சில் போன காற்று உடம்புக்குள் குமிழ் கட்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அடுத்த போட்டுக்காரன் அட்டையை அள்ளிவிடுவான் என்ற அவசரத்தில் காது கேட்டிருக்காது.

பின்னேரமானால் தோள், முழங்கால், இடுப்பு என்று எங்கேயாவது ஒன்று பிடிக்கும். காத்துப் பிடிச்சிட்டு என்பார்கள். அதற்குச் சுழியோடிகளிடம் கைகண்ட வைத்தியம் ஒன்று உண்டு. திருப்பி இறக்குவது. கழுவுவது என்றும் சொல்வார்கள். நோவு வந்த ஆளுக்கு இன்னொரு சிலிண்டரைக் கட்டி, நோவு பிடித்த அதே ஆழத்துக்கு இறக்கிவிட்டால், கடலே தான் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் என்பது கணக்கு. உண்மையாகவே கீழே போனதும் நோவு நிற்கும். குணமாகி வந்தவர்கள் எல்லோரும் சாட்சி சொல்வார்கள். குணமாகாதவர்களில் சிலர் சாட்சி சொல்ல வருவதில்லை. அதனால் இந்த வைத்தியத்துக்கு இன்றுவரை ஒரு கெட்ட பெயரும் கிடையாது.

நல்லரத்தினத்தின் இடுப்பு பல தடவை இப்படித் திருப்பி இறக்கப்பட்ட இடுப்பு. கடைசியில் நோவு போகாமல் தங்கிவிட்டது. நடை தளர்ந்ததும் அட்டைப் போட்டுக்காரர்கள் அவரைக் கூப்பிடுவதை விட்டார்கள். தரையில் நின்றால் குத்தும், இருந்தால் எரியும், படுத்தால் திரும்ப ஏலாது. தண்ணீருக்குள் ஆழத்தில் இருந்த நேரம் மட்டும்தான் அது தன் இடுப்பாக இருந்தது என்று நினைத்தார். நோகும் இடுப்பை வைத்துக்கொண்டு இரும்புச் சிலிண்டர் சுமக்கும் வேலைக்கு ஏன் போனார் என்று அவர் மனைவி உசாந்தி கேட்காத நாளில்லை.

"ஆள் இல்லாத நேரம் என்னையும் இறக்குவாங்க புள்ள" என்பார்.

ஒரு நாள் நங்கூரம் கல்லுக்குள் சிக்கியது. யாரும் கேட்காமலே நல்லரத்தினம் மூச்சைப் பிடித்துக்கொண்டு குதித்து, அதை விடுவித்துக்கொண்டு வந்தார். தக்ஷாயினி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, நீங்க வழிகாட்டியா இறங்கலாமே. ஒரு டொக்டர்ட்ட உடம்பக் காட்டிட்டு வாங்க. மற்றத நான் பழக்கி விடுறன்."

அந்த மனிதர் அன்றைக்கு வீட்டுக்குக் காலை வீசாமல் நேராக நடந்து வந்ததாக உசாந்தி இன்றைக்கும் சொல்கிறாள். அது நடந்திருக்க முடியாது. ஆனால் அவளுக்கு அப்படித் தெரிந்திருக்கிறது.

மட்டக்களப்பில் படம் பிடித்துப் பார்த்த டொக்டர் நல்ல மனிதர். ஒளிக்காமல் சொன்னார். தொடையெலும்பின் மேல்முனை, இடுப்புக் கிண்ணத்துக்குள் உருளும் பந்து போன்ற பகுதி, இரத்தம் போகாமல் செத்துப்போய்விட்டது. சுழியோடுகிறவர்களுக்கு வருவதுதான். இனி இறங்கக் கூடாது.

"ஆறு மீற்றர்தான் டொக்டர். சின்னப் பிள்ளைகளும் இறங்குற இடம்."

"அவங்க இறங்கட்டும். நீங்க இறங்கப்படாது."

"கீழ போனா நோகுறல்லயே."

"தண்ணி உங்கட பாரத்தத் தாங்குது. அதான் நோகுறல்ல. அதுக்கு ஆழம் தேவல்ல. கழுத்தளவு தண்ணிக்குள்ள நிண்டாலும் நோகாது."

உசாந்தி அந்தக் கடைசி வசனத்தைப் பத்திரமாக முந்தானையில் முடிந்துகொண்டாள். நல்லரத்தினம் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. பஸ்ஸில் வரும்போது அவள் தொடங்கினாள்.

"இஞ்ச பாருங்க, நம்மட வாவி சும்மாதானே கிடக்கு. விடிய எழும்பிப் போய்க் கழுத்தளவுல நில்லுங்களன்."

"இறால் தடவுற பொம்புளையளோடயா?"

"அவங்க உங்களக் கடிக்கமாட்டாங்க."

அவளுக்காக ஒருநாள் போய் நின்றார். நோகவில்லை. டொக்டர் சொன்னது சரி. அரை மணி நேரம் கூட ஆகியிருக்காது, குஞ்சித்தம்பி மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். பழைய அட்டைப் போட்டில் கூட இறங்கிய ஆள், நல்லரத்தினத்தின் மச்சான் முறை. வண்டியை நிறுத்தி, தலை மட்டும் வெளியே தெரிய நின்றவரை வடிவாகப் பார்த்தார்.

"என்ன மச்சான், எருமை தொலைஞ்சிட்டா?"

கரையில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். நல்லரத்தினமும் சிரித்தார். பிறகு கரையேறியவர் வாவிப் பக்கம் போகவேயில்லை. பதினைந்து பாகம் கண்டவன் கழுத்தளவில் நிற்பதா? இந்தக் கேள்வியை அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உசாந்தியிடம் பதில் இருந்தது.

நிலையத்தில் தக்ஷாயினி மன்னிப்புக் கேட்காத குறை. "டொக்டர் வேணாமெண்ட பிறகு என்னால ஏலா அண்ணா. உங்களுக்கு ஏதும் ஆனா நான் என்ன செய்யிற?" என்றாள். றிப்ஷான் இளகிய மனக்காரர். உடனே சிலிண்டர் சுமக்கும் வேலையை மாற்றி, காற்று அடைக்கும் இயந்திரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டுக் கொடுத்தார்.

"நல்லண்ணன், இனி எல்லாருக்கும் மூச்சுக் குடுக்குற ஆள் நீங்கதான். இதவிட என்ன பதவி வேணும்?"

அந்தக் கதிரையில் இருந்துகொண்டு நல்லரத்தினம் அந்த வருடத்து மத்தியதரைக் கடல் முழுவதையும் பார்த்தார். கொழும்பிலிருந்து ஒரு முகாமையாளர் வந்தார். வயிற்றுக்குப் பொருந்தும் உடுப்பு இல்லாமல் முதுகு ஸிப்பைத் திறந்தபடியே இறங்கினார். நீந்தத் தெரியாத மாப்பிள்ளையும் பொம்பிளையும் தண்ணீருக்கடியில் மோதிரம் மாற்றினார்கள். மாப்பிள்ளை மேலே வந்து சத்தி எடுத்தார். அதையும் வீடியோ எடுத்தார்கள். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடும் ஒரு ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், அதை யாரிடமும் சொல்லாமல் இறங்கி, ஆமை கண்டு வந்தார். எல்லோரும் தகுதியானவர்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் வேண்டிய காற்றை நல்லரத்தினம் அடைத்துக் கொடுத்தார். ஊரில் அந்தக் கல்லுக்கு இறங்கத் தகுதியில்லை என்று படித்தவர்கள் உறுதிசெய்த ஒரே ஆள் அவர்தான்.

புரட்டாதி கழிந்து கடல் கலங்கத் தொடங்கிய நாட்களில் குஞ்சித்தம்பி இயந்திரத்தடிக்கு வந்து குந்தினார்.

"மச்சான், டொக்டர்மாருக்கு எலும்பு தெரியும். கடல் தெரியுமா? உனக்குக் கடைசியாப் பிடிச்சது ஒழுங்காக் கழுவுப்படல்ல. அத அரைகுறையா விட்டிட்டுக் கரையேறிட்டாய். அதான் உள்ளுக்கே கிடந்து எலும்பத் திண்டிரிக்கு. ஒருக்கா வடிவாத் திருப்பி இறக்கினா முடிஞ்சுது."

"இந்தக் கல்லடிக்கா?"

"ஆறு மீற்றர்ல என்ன கழுவுற, முகமா? நம்மட பழைய இடத்துக்குத்தான்."

நல்லரத்தினம் யோசித்தார் என்று எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும். அவர் யோசிக்கவில்லை. தானே இரண்டு சிலிண்டருக்குக் காற்று அடைத்தார், வழமையைவிடக் கொஞ்சம் கூடுதலாக. உசாந்தியிடம் வாழைச்சேனைக்குப் போய் வருவதாகச் சொன்னார். குஞ்சித்தம்பி போட் ஓட்டினார்.

கீழே போனதும் நோவு நின்றது. இதைப் பற்றி அவர் பிறகு ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் உசாந்தியிடம். அடியில் மணல் இருந்ததாம். அந்த மணலில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு, இடுப்பைச் சரிக்காமல் நடந்து பார்த்தாராம். பிறகு திரும்பி நடந்தாராம். அட்டை இரண்டு கிடந்ததாம். தொடவில்லையாம். முதல் சிலிண்டர் முடிந்ததும் மேலே வந்து மற்றதையும் கட்டிக்கொண்டு போனார். அது முடியும் வரை கீழேதான் இருந்தார். ஆறுதலாக ஏறுவதற்குக் கொஞ்சம் காற்று மிச்சம் வைக்கவேண்டும். அவர் எல்லாவற்றையும் அங்கேயே நடந்து முடித்துவிட்டார். கடைசி மூச்சோடு அப்படியே மேலே வந்தார்.

போட்டுக்குள் இழுத்துப் போட்ட குஞ்சித்தம்பி கேட்டார்.

"எப்படி மச்சான், நோகுதா?"

"இல்ல."

"இடுப்பு?"

"ஒண்டும் இல்ல. துப்புரவா நோகுறல்ல."

குஞ்சித்தம்பிக்குப் பெருமை பிடிபடவில்லை. கரை வரும் வரை, தான் இப்படிக் கழுவி எடுத்த ஆட்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார். போட் மணலில் ஏறியது. "இறங்கு மச்சான்" என்றார். நல்லரத்தினம் தன் கால்களைப் பார்த்தார். மற்றவருடைய கால்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நோவு போனதுதான். அது போகும்போது இடுப்புக்குக் கீழே இருந்த எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, உடனே கொண்டு வந்து அதற்கென்று உள்ள காற்றழுத்தப் பெட்டிக்குள் வைத்து அமுக்கியிருந்தால் ஒரு வாய்ப்பு இருந்திருக்கும் என்றார்கள். குஞ்சித்தம்பி அவரைக் கரையில் மணலில் படுக்கப் போட்டு, வெயிலில் சரிவரும் என்று பின்னேரம் வரை காத்திருந்தது உண்மை. பயத்தில் அவரே நல்லெண்ணெய் வாங்கி வந்து கால் இரண்டையும் தேய்த்ததும் உண்மை.

றிப்ஷான் பார்க்க வந்தார். ஹோர்லிக்ஸ் போத்தலும் தோடம்பழமும் கொண்டு வந்தார். கண் கலங்கினார், அதில் பொய் இல்லை. சிலிண்டர் எடுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எழும்பும்போது மட்டும் உசாந்தியிடம் குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி, ஆரும் கேட்டா நம்மட கல்லடியில நடக்கல்ல எண்டு தெளிவாச் சொல்லிருங்க. அது புதுசா வாறவங்களுக்கு உகந்த இடம்" என்றார். தக்ஷாயினி வாசலில் நின்றுவிட்டுப் போனாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

விடாமல் வருவது குஞ்சித்தம்பி மட்டும்தான். பின்னேரங்களில் வந்து கட்டிலடியில் கதிரையைப் போட்டு இருப்பார். வெளியே வாடைக்காற்று தகரத்தைத் தட்டிக்கொண்டிருக்கும். கொஞ்ச நாளில் பழைய பேச்சைத் தொடங்கினார்.

"ஏறினதுதான் மச்சான் பிழை. இறங்கினதில பிழை இல்ல. விசுக்கெண்டு ஏறிட்டாய்."

"ஓம்" என்றார் நல்லரத்தினம்.

"இதையும் கழுவலாம். வாடை முடியட்டும். பங்குனியில தண்ணி தெளியும்."

"ஓம்."

உசாந்தி இரண்டு பேருக்கும் பிளேன்டீ கொண்டு வந்தவள் நடுவில் நின்றாள். இத்தனை நாளும் குஞ்சித்தம்பியோடு சண்டை பிடிக்கவில்லை அவள். இப்போதும் குரலை உயர்த்தவில்லை.

"அண்ணன், சிலிண்டர ஆரு தூக்குற?"

"நான் தூக்குவன் தங்கச்சி."

"இவர?"

குஞ்சித்தம்பி பிளேன்டீயை வாங்கி ஒரு மிடறு குடித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"கயிறு கட்டி இறக்கலாம்" என்றார். "கீழ போன பிறகு கால் என்னத்துக்கு?"

அவள் கணவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, வேணாம் என்று ஒரே ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தாள். நல்லரத்தினம் முகட்டைப் பார்த்தபடி கிடந்தார்.

"நைலோன் கயிறு வேணாம் மச்சான்" என்றார். "அது அறுக்கும்."