இன்னும் ஒரு வருடம் தாங்கும்

ஆர்ச்டீக்கன் அலுவலகத்தில் ஐந்து இரும்பு பீரோக்கள். ஐந்தின் சாவியும் ஒரே வளையத்தில், ஒரே இடுப்பில். அந்த இடுப்புக்குச் சொந்தக்காரியை எல்லாரும் பீரோ அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தட்டச்சும் கோப்புகளும் முப்பத்தொரு வருடமாக அவள் பொறுப்பு. அதற்குள் ஆறு ஆர்ச்டீக்கன்கள் வந்து போய்விட்டார்கள். ஏழாவதாக வந்தவர் ஒரு பெண். அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அவரும் முதல் நாளே "அக்கா, அந்த மூணாவது பீரோவைக் கொஞ்சம் திறங்க" என்றுதான் வேலையைத் தொடங்கினார்.

பேராயருக்கு அடுத்த படி ஆர்ச்டீக்கன். பேராயர் ஆசீர்வதிப்பார், ஆர்ச்டீக்கன் ஓடு எண்ணுவார் என்று அலுவலகத்தில் ஒரு கேலி உண்டு. அது பாதி உண்மையும்கூட. வருடத்துக்கு ஒரு முறை தன் பகுதியிலுள்ள ஒவ்வோர் ஆலயத்துக்கும் போய், கூரை ஒழுகுகிறதா, சுவரில் விரிசலா, மணி அடிக்கிறதா என்று பார்த்துப் பார்வைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியது அவர் வேலை. ஒரு சபைக்குப் புதிய குருவானவர் வந்தால், அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஆலயக் கதவின் கைப்பிடியில் வைத்து, "இனி இது உம்முடைய பொறுப்பு" என்று சொல்வதும் அவரே. பிறகு புதியவர் மணிக்கயிற்றைப் பிடித்து இழுப்பார். எத்தனை முறை அடிக்கிறாரோ அத்தனை வருடம் அங்கே இருப்பார் என்று சபையார் சிரித்துக்கொண்டே எண்ணுவார்கள்.

பீரோ அக்காவின் அப்பா அப்படி ஓர் ஆலயத்தில் மணியடிப்பவராக இருந்தார். கூட்டுவது, விளக்கேற்றுவது, கதவு பூட்டுவது எல்லாம் அவர்தான். ஆலயத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. அவளுக்குப் பதினொரு வயதானபோது அங்கே ஒரு புதிய குருவானவர் வந்தார். அன்றைய ஆர்ச்டீக்கனின் மனைவிக்கு அவர் சொந்தத் தம்பி. பன்னிரண்டு அடி அடிக்கப்போகிறேன் என்று முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். கயிற்றைப் பிடித்தார், இழுத்தார். மணி ஒரே ஒரு முறை அடித்தது. கயிறு நடுவில் அறுந்து, வெள்ளை அங்கியோடு பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். சபை முழுக்கச் சிரித்தது. பின்வரிசையில் யாரோ, "ஒண்ணு!" என்று எண்ணியும் விட்டார்கள்.

மச்சினன் மூக்கறுபட்டதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டுமே. அந்த வாரமே அப்பாவின் வேலை போயிற்று, வீடும் போயிற்று. காரணம், கவனக்குறைவு.

அப்பா அதற்குப் பிறகு ஒரு கிடங்கில் காவலுக்கு நின்றார். சாகும்வரை ஒரே பேச்சுதான். "நான் மூணு தடவை கேட்டேன், கயிறு மாத்துங்கன்னு. அவரு வந்து தொட்டுப் பாத்தாரு. 'இன்னும் ஒரு வருஷம் தாங்கும்'னு அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. பக்கத்துலயே நின்னேன் நான்."

அம்மா நம்பவில்லை. "ஆமா, ஆர்ச்டீக்கன் வந்து உங்க கயித்தைத் தடவிப் பாத்தாராக்கும்! ஒரு கயித்தைக்கூடப் பாத்துக்கத் துப்பில்ல, கதை மட்டும் வக்கணையா வருது." கிடங்கிலிருந்து வந்து அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் இது ஆரம்பமாகிவிடும். இருபத்தேழு வருடம் இப்படி. கடைசிப் பத்து வருடம் அப்பா பதில் சொல்வதையே விட்டுவிட்டார். அவள் பக்கத்து அறையில் படித்துக்கொண்டும் துவைத்த துணியை மடித்துக்கொண்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருந்தாள். அந்த ஆர்ச்டீக்கன் மேல் கறுவிக்கொண்டே வளர்ந்தாள். தட்டச்சுப் படித்ததும், இந்த அலுவலகத்தில் இடம் விழுந்தபோது ஓடி வந்து சேர்ந்ததும் அந்தப் பதிவேட்டைக் கண்ணால் பார்ப்பதற்குத்தான்.

சேர்ந்த முதல் வாரமே பார்த்தாள். மூன்றாவது பீரோ, நான்காவது தட்டு. காலி. அவருடைய ஒன்பது வருடத்துப் பதிவேடுகளும் இல்லை. எடுத்துப்போனவர்கள் கையெழுத்திடும் நோட்டில் ஒரு வரி மட்டும் இருந்தது: 'ஒன்பது பதிவேடுகள், வீட்டில் வாசிக்க.' கீழே அவர் கையெழுத்து, இரண்டு சுழியோடு.

அவள் நோட்டை மூடி வைத்தாள். அவளுக்கு மறதி கிடையாது. அதற்குத்தானே சம்பளம்.

ஆர்ச்டீக்கன் பதவி தொடங்கி நூற்றைம்பது வருடம் ஆகிறது, வரலாறு ஒன்று போட வேண்டும் என்று பேராயர் சொன்னார். குழுவில் மூன்று பேர். இப்போதைய ஆர்ச்டீக்கன் அம்மையார். தொகுத்து எழுத பீரோ அக்கா. தலைவராக, உயிரோடிருப்பவர்களில் மூத்தவர் என்பதால், அந்தப் பழைய ஆர்ச்டீக்கன். வயது எண்பத்தெட்டு. கைத்தடி வந்துவிட்டது, குரல் போகவில்லை.

முதல் கூட்டத்திலேயே அவர் தடியைத் தரையில் தட்டினார். "எனக்கு முன்னாடி இருந்தவரைப் பத்தி ஊரெல்லாம் கதை சொல்றாங்க. நடந்தே போனாராம், வீடு வீடா ஏறினாராம். எங்க எழுதியிருக்கு? பதிவேட்டைத் திறந்தா வெறும் டிக் மார்க்கு. கேள்விப்பட்டதெல்லாம் சரித்திரம் ஆகாதும்மா. அலுவலகப் பதிவேட்டுல இருந்தா போடு, இல்லைன்னா ஒரு வரி வரக்கூடாது. தீர்மானமா எழுதிக்க."

பீரோ அக்கா எழுதிக்கொண்டாள். ஒரு எழுத்துப் பிசகாமல். கீழே அவரிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள்.

மூன்று மாதம் பழைய தாள்களோடு புரண்டாள். முதல் ஆர்ச்டீக்கன் குதிரையில் சுற்றியவர். அவர் குறிப்புகளில் பாதி குதிரையின் வயிற்றுவலி பற்றியது. ஆறாமவர் இரண்டு வருடம் விடாமல் ஒரு நல்ல குடை கேட்டு எழுதியிருந்தார். மூன்றாமவர் வந்த நாலாம் மாதமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். பெயரும் இரண்டு தேதியும்தான் மிச்சம். அவருக்கு அவள் இப்படி எழுதினாள்: 'இவரைப் பற்றி வேறு குறிப்புகள் கிடைக்கவில்லை.'

அந்த வரியைத் தட்டச்சு செய்து முடித்ததும் அவள் கை நின்றது. எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து பக்கங்களைத் தள்ளி, உயிரோடிருக்கும் தலைவரின் பெயரைத் தட்டச்சு செய்தாள், ஒன்பது வருடத்தையும் தட்டச்சு செய்தாள். கீழே அதே வரி.

அன்று வீட்டில் அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே துணி மடித்தாள். லிஃப்ட் பழுது பார்க்கும் அவள் கணவர் செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார். "என்ன, இன்னிக்கு யாரை லிஃப்ட்ல மாட்டி விட்டுட்டு வந்த?"

"சரித்திரம் எழுதினேன்."

"உன் மூஞ்சியப் பாத்தா குற்றப்பத்திரிகை எழுதின மாதிரி இருக்கு."

அச்சுப்படி தலைவர் கைக்குப் போன மறுநாள் காலை பத்து மணிக்குப் பெரியவர் வந்து நின்றார். "என்ன இது? வேறு குறிப்புகள் கிடைக்கவில்லையா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"மூணாமவருக்கும் அதேதான் ஐயா போட்டிருக்கேன். பாரபட்சம் இல்ல."

"அவரு நாலு மாசம் இருந்தாரு! நான் ஒன்பது வருஷம்!"

"அதான் ஐயா ஒன்பது வருஷம்னு தெளிவா போட்டிருக்கேனே."

அம்மையார் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். பெரியவர் அவர் பக்கம் திரும்பினார். "என்னைக் கேட்டா நான் சொல்லமாட்டேனா? உக்காந்து சொல்றேன், எழுதச் சொல்லுங்க."

"கேள்விப்பட்டதெல்லாம் ஆகாதுன்னு நீங்கதானே ஐயா தீர்மானம் போட்டீங்க" என்றார் அம்மையார்.

பீரோ அக்கா பழைய நோட்டை எடுத்து, இரண்டு சுழி வைத்த கையெழுத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். "வீட்டுல வாசிச்சு முடிச்சிருந்தீங்கன்னா கொண்டு வாங்க ஐயா. எழுதிடலாம். நாப்பத்தி ரெண்டு வருஷம் ஆச்சு, ரொம்ப நிதானமா வாசிக்கிறீங்க."

மறுநாள் ஒரு காரில் பதிவேடுகள் வந்து இறங்கின. அவள் மேசை மேல் அடுக்கி எண்ணினாள். எட்டு. நான்காம் வருடத்தைக் காணோம்.

எட்டையும் ஒழுங்காக வாசித்தாள். ஓடுகள், தண்ணீர்க் குழாய், கரையான், பெஞ்சுக் கால். நல்ல உழைப்பாளிதான் மனுஷன், அதை அவள் மறைக்கவில்லை. இரண்டரைப் பக்கம் எழுதினாள். கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: 'இவருடைய நான்காம் ஆண்டின் பதிவேடு, வீட்டில் வாசிப்பதற்காக இவரால் எடுத்துச் செல்லப்பட்டது. இன்னும் திரும்ப வரவில்லை.'

இரண்டாம் அச்சுப்படி போய் இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் அம்மையார் வெளியே போயிருந்த நேரத்தில் பெரியவர் வந்தார். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"இந்த வரியைப் பாத்தா ஆளுங்க என்ன நெனைப்பாங்க? பொம்பள விவகாரம், திருட்டு, என்னென்னமோ நெனைப்பாங்க."

"நெனைக்கட்டும் ஐயா."

அவர் பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினார். அவள் பிரித்தாள். அவசரப்படவில்லை, பக்கம் பக்கமாகத் திருப்பினாள். இடது பக்கத்தில், கறுத்த மையில், இரண்டு சுழிக் கையெழுத்துக்கு மேலே இருந்தது: 'மணிக்கயிறு மாற்றக் கேட்கிறார். பார்த்தேன். இன்னும் ஒரு வருடம் தாங்கும்.' எதிரே வலது பக்கத்தில், ஏழு வாரம் தள்ளிய தேதியில், அதே கையெழுத்து: 'கவனக்குறைவினால் மணிக்கயிறு அறுந்தது. மணியடிப்பவர் விலக்கப்பட்டார்.'

அவள் எத்தனை முறை வாசித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"அது உங்கப்பான்னு தெரியும்" என்றார் அவர். "நீ இங்க வேலைக்குச் சேந்தப்பவே தெரியும். அவரோட முழிதான் உனக்கும்."

"இத்தனை நாளா வீட்டுல வெச்சிருந்தீங்களே. கிழிச்சுப் போட்டிருக்கலாமே?"

அவர் நிஜமாகவே திடுக்கிட்டார். "பதிவேட்டைக் கிழிக்கிறதா? நான் ஆர்ச்டீக்கன்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

"ஒரே ஒரு உதவி பண்ணு" என்றார். "நான் போன பிறகு இதைப் போடு. இன்னும் எத்தனை நாள் இருக்கப்போறேன்? ரெண்டு வருஷம், மூணு வருஷம்."

"அப்பாவால காத்திருக்க முடியல ஐயா. போய்ச் சேந்துட்டாரு." பதிவேட்டை எடுத்து மூன்றாவது பீரோவின் நான்காவது தட்டில் வைத்துப் பூட்டினாள். பழைய நோட்டில் 'ஒன்பதும் திரும்பப் பெறப்பட்டன' என்று எழுதித் தேதி போட்டு, அவரிடம் நீட்டினாள். "இங்க ஒரு கையெழுத்து."

போட்டார். சுழி ஒன்றுதான் வந்தது. பார்த்தும் அவளுக்கு இரக்கம் வரவில்லை. வருமோ என்று கொஞ்சம் பயந்திருந்தாள். வராதது நிம்மதியாக இருந்தது.

இரண்டு பக்கத்தையும் அப்படியே படமெடுத்து, எதிரெதிராக நூலில் போட்டாள். விளக்கம் ஒரு வார்த்தை எழுதவில்லை. அம்மையார் நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அக்கா, இது சரித்திரமா, பழியா?"

"ரெண்டும் ஒரே பக்கத்துல வந்து உக்காந்தா நான் என்ன மேடம் பண்றது?"

அம்மையார் கையெழுத்திட்டு அச்சுக்கு அனுப்பினார்.

வெளியீடு ஒரு ஞாயிறு காலை ஆராதனைக்குப் பின். முதல் பிரதி பெரியவர் கையில். அவர் திறக்கவே இல்லை, மடியில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் திறந்தார்கள். முதலில் ஒரு வரிசையில் கிசுகிசு, பிறகு அடுத்த வரிசையில். அந்தக் காலத்து ஆள் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், தணிந்த குரல் என்று நினைத்துக்கொண்டு சொன்னார்: "அட, அந்த ஒத்தை மணி ஐயரு விழுந்தாரே! அந்தக் கயிறு தாங்கும்னு எழுதினதே இவருதானா!" சிரிப்பு ஏழெட்டு வரிசை தாண்டி மேடைக்குப் போனது. பெரியவர் தலை நிமிரவில்லை. பீரோ அக்கா தூண் ஓரம் நின்று, கடைசிச் சிரிப்பு அடங்கும்வரை பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

வீட்டில் அம்மா கூடத்து நாற்காலியில் இருந்தாள். வயது எண்பதாகிறது. கண் மங்கல், வாய் மங்கவில்லை. மகள் நூலை விரித்து மடியில் வைத்து, பூதக்கண்ணாடியையும் கையில் கொடுத்து, எதிரே உட்கார்ந்தாள்.

"என்னடி இது?"

"அப்பா சொன்னது."

அம்மா வாசித்தாள். இடது பக்கம், வலது பக்கம், மறுபடி இடது. கண்ணாடி ஓரிடத்தில் நின்றுவிட்டது.

"அவரே எழுதியிருக்காரா?"

"அவரே."

"அப்போ உங்கப்பா..." அம்மா முடிக்கவில்லை. மகளும் எடுத்துக் கொடுக்கவில்லை. கணவர் அடுக்களை வாசலில் வந்து நின்றவர், இருவரையும் பார்த்துவிட்டு வந்த வழியே உள்ளே போய்விட்டார்.

அம்மா கண்ணாடியைக் கீழே வைத்தாள். "ஒரு காகிதத்துல எழுதிக் கொண்டு வந்து காட்டியிருக்கலாமே. இப்படி ஊரே பாக்குற புஸ்தகத்துல போட்டு, கண்ணாடியும் கையில குடுத்து... எனக்கும் சேத்துத்தான் இதை அச்சடிச்சியா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள் மகள். வரவில்லை.

"ஆமாம்மா."

அம்மா தலையை ஆட்டினாள். ஏசுவாள் என்று மகள் எதிர்பார்த்தாள், அம்மா ஏசவில்லை. முந்தானையைத் தேடி எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"சரி. போய் அந்த ஜன்னலைச் சாத்து. எதிர் வீட்டுக்காரி பாத்துக்கிட்டு நிக்கிறா."

ஜன்னல் எட்டடி தூரத்தில்தான் இருந்தது. அவள் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.