எட்டுக் கட்டு ஆள்

பகவதிப்பெருமாளுக்குச் சம்பளம் கொடுத்தது அவர் செய்த வேலைக்காக அல்ல, அவர் இருந்த இருப்புக்காக. வித்துராவிலிருந்து பொன்முடிக்குப் போகிற சாலையில், கல்லாறு வருவதற்கு முன்னால் ஒரு மாட்டுப் பண்ணை. அங்கே ஒரு பழைய சிவப்பு டிராக்டர், டிராக்டருக்குப் பின்னால் ஒரு பலகை. அந்தப் பலகையில் நூற்றுப் பன்னிரண்டு கிலோவோடு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் அவருடைய உத்தியோகம். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பார்கள். இந்த மனுஷர் குந்தியிருந்ததால்தான் தின்றார். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும், வரட்டும்.

ஆள் பணகுடிக்காரர். பதினெட்டு வயதில் பிழைப்புத் தேடித் திருவனந்தபுரம் சாலைக் கடைவீதிக்கு வந்தார். முதலில் ஓட்டல் வேலை. இரண்டு பெஞ்சுக்கு நடுவே இவர் புகுந்தால் சாப்பிடுகிறவர்கள் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. அப்புறம் கட்டட வேலை. இவர் சாரத்தில் ஏறினார், சாரம் இறங்கியது. கடைசியில் தென்காசிப் பக்கமிருந்து வைக்கோல் ஏற்றிவரும் லாரியில் இறக்குக்கூலி ஆனார். அங்கேயும் அரை மணி வேலை, அரை மணி மூச்சு. போன இடமெல்லாம் அவர் உடம்பு அவருக்கு முன்னால் போய் நின்று காரியத்தைக் கெடுத்தது. வீட்டுக்குப் போனால் பெண்டாட்டி பொன்செல்வி, "இன்னைக்காவது வேலை இருக்கா, போச்சா?" என்றுதான் கேட்பாள். அதில் குத்தல் இருந்தாலும் கவலைதான் கூடுதல்.

தொண்ணூற்றேழில் கதை மாறியது. பண்ணை முதலாளி அனில் சார் வளைகுடாவில் சம்பாதித்துவிட்டு வந்தவர், இயந்திரம் என்றால் உயிர். எங்கோ மூடிப்போன ஒரு பழைய பண்ணையின் சாமான்களை ஏலத்தில் மொத்தமாக எடுத்துவந்தார். அதில் ஒரு லோடர் இருந்தது. சீமையில் செய்தது, அனில் சாரைவிட வயதில் மூத்தது. டிராக்டரின் மூக்கில் மாட்டினால் இரண்டு இரும்புக் கைகள், கைகளின் நுனியில் வளைந்த கொம்புகள். லிவரை இழுத்தால் கைகள் முனகிக்கொண்டே உயரும். அழுத்திக் கட்டிய வைக்கோல் கட்டுகளில் எட்டை ஒரே கவ்வாகக் கவ்வி, ஷெட்டின் பரணுக்குத் தூக்கும்.

தூக்கியது. முதல் நாள் எட்டுக் கட்டும் மேலே போனபோது டிராக்டரின் பின் சக்கரங்களும் கூடவே மேலே போயின. டிரைவர் யோசுவா, பாறசாலைக்காரர், ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி "ஏசுவே" என்று கத்தினார். வைக்கோல் லாரியோடு வந்திருந்த பகவதிப்பெருமாள் யோசிக்கவில்லை, ஓடிப்போய்ப் பின்பக்கக் கம்பியில் தொங்கினார். டிராக்டர் நல்ல பிள்ளையாகத் தரைக்கு வந்தது. அவர் இறங்கினார், அது ஏறியது. மறுபடி தொங்கினார், அது இறங்கியது. அனில் சார் பார்த்துக்கொண்டே நின்றார். அன்று சாயங்காலமே பின்னால் பலகை அடித்தாயிற்று, ஆளையும் எடுத்தாயிற்று. வாழ்க்கையில் முதல் தடவையாக, இந்த உடம்புக்காகவே ஒருவர் தன்னை வேண்டும் என்று சொன்னதில் பகவதிப்பெருமாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நாலு வருஷம் அப்படி ஓடியது. யோசுவா முன்னே பார்த்து உட்காருவார், இவர் பின்னே பார்த்து உட்காருவார். முதுகோடு முதுகாக நாள் முழுக்கப் பேச்சு. பண்ணையில் மற்ற எல்லாரும் மலையாளம். தமிழில் வம்பளக்க யோசுவாவுக்கு இவரை விட்டால் மாடுகள்தான். பாறசாலைச் சபையில் பாட்டு லீடர் யார் என்ற சண்டை, வாரம் தவறாமல், இவர் முதுகு வழியாகவே இவருக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு தூக்குக்கும் முன்னால் யோசுவா திரும்பிப் பார்க்காமல் கேட்பார்.

"பெருமாளே, இருக்கியாடே?"

"இருக்கேன் அண்ணே."

அதற்கப்புறம்தான் லிவரைத் தொடுவார். மத்தியானம் பலா மரத்தடியில், சாக்கு விரித்த ஒரு இரும்புக் கட்டையின் மேல் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்பார்கள்.

ஒரே ஒரு குறை. எட்டுக் கட்டும் உயர்ந்துவிட்டால் யோசுவாவுக்கு முன்னால் வைக்கோல் சுவர், வழி தெரியாது. ஷெட்டின் முன்தூணை மூன்று தரம் இடித்து, மூன்று தரமும் அனில் சாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இவர் பின்னால் பார்த்து உட்கார்ந்திருப்பவர், தூணை இடித்த பிறகுதான் இவருக்கும் தெரியும்.

இரண்டாயிரத்து ஒன்றில் பகவதிப்பெருமாளின் கால் விரலில் ஒரு புண் வந்தது, ஆறுவதாக இல்லை. டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "சுகர். இப்படியே போனால் காலை எடுக்க வேண்டி வரும். எடையைக் குறை" என்றார். பொன்செல்வி அன்றைக்கே சோற்றுக் கரண்டியைச் சின்னதாக மாற்றினாள். காலையில் கோதுமைக் கஞ்சி, மத்தியானம் பாகற்காய், ராத்திரி பாகற்காயின் மிச்சம். விடிந்ததும் நடை. புண் ஆறத் தொடங்கியது, மூச்சு வாங்குவது நின்றது. ஆனால் கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிக்கொண்டிருந்தது.

வீட்டில் அதை ஆஸ்பத்திரிச் சீட்டில் பார்த்தார்கள். பண்ணையில் கட்டுக் கணக்கில் தெரிந்தது. பத்துக் கிலோ போனதும் எட்டுக் கட்டுக்குச் சக்கரம் எழும்ப, ஏழாகக் குறைத்தார்கள். இன்னும் பத்துக் கிலோ போனதும் ஆறு. "எடே, நீ எட்டுக் கட்டு ஆளாக்கும் எண்ணு நெனச்சேன். ஆறுக்கு வந்துட்டியே" என்று யோசுவா கேலி செய்தார். ஐந்துக்கு வந்தால் அனில் சார் கவனிப்பார், நாலுக்கு வந்தால் கையாலேயே தூக்கிவிடலாம். அப்புறம் பலகை எதற்கு, ஆள் எதற்கு?

பகவதிப்பெருமாள் ரகசியமாக வேலையில் இறங்கினார். மடியில் பழைய போல்ட்டு நட்டுகளை முடிந்துகொண்டார். அது போதாமல், வீட்டு ஆட்டுரலின் குழவியைச் சாக்கில் சுற்றி எடுத்துப்போய், மடியில் வைத்துத் துண்டால் மூடிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். அதுவும் போதாது என்று வித்துரா சந்தையில் ஒரு பரோட்டாக் கடைக்குள் நுழைந்து நாலு பரோட்டாவும் சால்னாவும் சொல்லிவிட்டு, இலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

முதல் துண்டை வாயில் வைக்குமுன் எதிரே யோசுவா வந்து உட்கார்ந்தார். இலையைத் தன் பக்கம் இழுத்து, நாலு பரோட்டாவையும் தானே தின்று தீர்த்தார். கடைசித் துண்டால் சால்னாவை வழித்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"உனக்க காலை வெட்டுனா பலகையில எப்பிடிடே ஏறுவ?"

"எடை போனா வேலை போயிரும் அண்ணே. இந்த ஒடம்புக்கு வேற எவன் வேலை குடுப்பான்?"

யோசுவா எழுந்து கை கழுவப் போனார். கை கழுவ அவ்வளவு நேரம் யாரும் எடுக்க மாட்டார்கள்.

மே மாதக் கடைசி. மூன்று லாரி வைக்கோல் ஒரே நாளில் வந்து இறங்கியது. பொன்முடிப் பக்கம் வானம் கறுத்துவிட்டது. நனைந்தால் வைக்கோல் பூஞ்சை பிடிக்கும், மழைக்காலம் முழுக்க நாற்பது மாட்டுக்கும் தீனி இல்லை. அனில் சார் குடையோடு வந்து நின்றார். ஆறு ஆறாகத் தூக்குவதைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை.

"எட்டு எடுக்கடோ!" என்று கத்தினார்.

பகவதிப்பெருமாள் குழவியை இறுக்கி அணைத்துக்கொண்டார். யோசுவா கேட்டார், இவர் இருக்கேன் என்றார், எட்டுக் கட்டும் எழும்பின. பின் சக்கரமும் எழும்பியது. பலகை சரிந்தது. துண்டு ஒரு பக்கம் போக, குழவி மறுபக்கம் உருண்டு, சரிவில் இறங்கி, அனில் சாரின் செருப்புக்கு முன்னால் வந்து நின்றது. பின்னாலேயே நட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன.

அதே நேரம் பொன்செல்வியும் வந்து சேர்ந்தாள், அவருடைய மத்தியானப் பாகற்காயோடு. குழவியைப் பார்த்தாள்.

"ரெண்டு வாரமா வீடு பூரா தேடுதேன்! நீங்க உசிரோட இருக்கணும்னு நான் பாகக்கா அரியுதேன், நீங்க குழவியைத் தூக்கிட்டுச் சாகப் போறியளா?" என்றாள். திட்டத் தொடங்கியவள் அழுதுவிட்டாள்.

யோசுவா கட்டுகளை இறக்கி, இஞ்சினை நிறுத்தினார். நேரே பலா மரத்தடிக்குப் போய், அந்த இரும்புக் கட்டையின் மேலிருந்த சாக்கை இழுத்துப் போட்டார். நான்கு வருஷச் சோற்றுப் பருக்கைக்கு அடியில் இரண்டு கொக்கிகளும் கொஞ்சம் இங்கிலீஷ் எழுத்தும் இருந்தன.

"லோடரோட வந்ததாக்கும் சாரே. பின்னால மாட்டுற கனம். ரெண்டாம் நாளே கொக்கியப் பாத்து எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது உண்டு. தன் வேலையைப் பறிக்கப்போகிற சாமானின் மேலேயே தினமும் உட்கார்ந்து பகவதிப்பெருமாள் சோறு தின்றிருக்கிறார். அனில் சாருக்குத் தமிழ் அவ்வளவாக வராது, கோபம் சுத்த மலையாளத்தில் வந்தது. நாலு வருஷமாக ஏன் மறைத்தாய் என்று கேட்டார்.

யோசுவா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அந்தக் கட்டை பேசாதுல்லா சாரே."

முதல் தூறல் விழுந்தது. சண்டைக்கு நேரமில்லை. ஆறு பேர் கம்பி போட்டு நெம்பிக் கட்டையை உருட்டிவந்தார்கள், பலகையைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார்கள். கொக்கி சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்தது. எட்டுக் கட்டும் எழும்பின. சக்கரம் மண்ணை விட்டு நூல் அளவுகூட அசையவில்லை. பகவதிப்பெருமாள் வெறுங்கையோடு தரையில் நின்றார்.

டிராக்டர் நகர்ந்தது. வைக்கோல் சுவர் நேரே ஷெட்டின் தூணைப் பார்த்துப் போனது. மழையில் யோசுவாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. நாலு வருஷமாகப் பின்பக்கம் மட்டுமே பார்த்திருந்த பகவதிப்பெருமாள்தான் இப்போது முன்பக்கம் நின்றார்.

"நில்லும் அண்ணே! நில்லும்!" தூணுக்கும் கொம்புக்கும் நடுவே ஒரு சாண்தான் மிச்சம். "கொஞ்சம் பின்ன வாரும்... எடது கைக்கு... இன்னும் எடது... இப்ப வாரும், வாரும்!"

எண்பத்தெட்டு கிலோ உடம்பு மூச்சிரைக்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. இருட்டுவதற்குள் மூன்று லாரி வைக்கோலும் பரணில் ஏறிவிட்டது. தூண் நான்காம் தடவை இடிபடவில்லை. அனில் சார் குழவியைத் தன் கையாலேயே எடுத்துப் பொன்செல்வியிடம் கொடுத்தார். "நாளெ முதல் ஆள் முன்னில் நில்க்கட்டெ" என்று பகவதிப்பெருமாளைக் காட்டிச் சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் இன்னும் ஒரு லாரிக் கட்டுகளை அடுக்க வேண்டியிருந்தது. எட்டும் எழும்பின. வைக்கோலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பழைய குரல் வந்தது.

"பெருமாளே, இருக்கியாடே?"

முன்னால் எதுவும் தெரியாத ஒருவர் கேட்கிற கேள்வி அது. பகவதிப்பெருமாள் வழக்கத்தைவிட உரக்கச் சொன்னார்.

"இருக்கேன் அண்ணே."